பழைய பெட்டியை எழுப்பும் பதினேழு வேலைகள்

பெட்டியின் எடை 11 கிலோ. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்துக் கொக்கிகளைத் தளர்த்தினால் மூடி கழன்று வரும். அந்த மூடிதான் கீபோர்டு. உள்ளே நடுவில் 5 அங்குலத் திரை. உள்ளங்கையை விரித்தால் முழுவதையும் மறைத்துவிடலாம். திரைக்கு இரண்டு பக்கமும் பிளாப்பி வட்டைச் செருக ஒவ்வொரு வாய். பேட்டரி கிடையாது, சுவரில் செருகினால்தான் உயிர். 1981இல் இதைத்தான் 'கையோடு கொண்டு போகும் கணினி' என்று விற்றார்கள். விமானத்தில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை! பெயர் ஆஸ்பார்ன் 1. விலை 1,795 டாலர்.

சுவிட்சைப் போட்டால், 'ஏ டிரைவில் வட்டைப் போட்டு ரிட்டர்ன் விசையை அழுத்தவும்' என்று ஆங்கிலத்தில் வரும். போட்டு அழுத்தினால் இடது பக்க டிரைவ் கரகரவென்று சுற்றும். சில நொடிகளில் திரையில் 'ஏ>' என்று ஒரு குறி வந்து நிற்கும். அவ்வளவுதான். படம் இல்லை, மவுஸ் இல்லை, வரவேற்பு இசை இல்லை. நீங்கள் என்ன அடிக்கிறீர்களோ அதை அது செய்யும்.

உங்கள் வீட்டு விண்டோஸ் கணினியில் 'சி' டிரைவ் இருக்கிறதே, ஏன் 'ஏ'விலிருந்து தொடங்கவில்லை என்று கேட்டதுண்டா? ஏ, பி இரண்டும் ஒரு காலத்தில் இந்த மாதிரி பிளாப்பி டிரைவ்களின் பெயர்கள். பிளாப்பி போய்விட்டது, எழுத்து வரிசை மட்டும் மாறவில்லை.

பெட்டிக்குத் தன் பெயரைத் தந்த ஆடம் ஆஸ்பார்னைப் பற்றி நான்கு வரி சொல்லாமல் நகர மனமில்லை. பாங்காக்கில் 1939இல் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதியவர். இரண்டாம் உலகப் போரின்போது அப்பா ஜப்பானியரின் முகாமில் அடைபட்டிருக்க, குழந்தை ஆடம் அம்மாவோடு திருவண்ணாமலையில் இருந்தார். பள்ளிக்கூடம் கொடைக்கானலில். 11 வயதில் இங்கிலாந்து, அதன் பிறகு அமெரிக்கா. வேதிப் பொறியாளராகி, கணினிப் புத்தகங்கள் எழுதி, கடைசியில் கணினியையே செய்து விற்றார். பெட்டியை வடிவமைத்துக் கொடுத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன் என்ற பொறியாளர். நிறுவனம் வளர்ந்த வேகத்திலேயே விழுந்தது; 1983 செப்டம்பரில் திவால். ஆடம் கடைசிக் காலத்தில் கொடைக்கானலுக்கே திரும்பி வந்தார். 2003இல் அங்கேதான் காலமானார்.

நிறுவனம் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் உலகத்தில் ஆங்காங்கே சிலர் இந்தப் பெட்டியையும் இதன் வயதுடைய மற்றக் கணினிகளையும் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெறுமனே ஓட்டுவதோடு நிற்பதில்லை. உள்ளே இருக்கும் இயங்குதளத்தைத் தங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதுகிறார்கள். பிளாப்பி இருந்த இடத்தில் கேமராவுக்குப் போடும் மெமரி கார்டைப் பொருத்துகிறார்கள். விண்டோஸை ஒருவர் தனியாக உட்கார்ந்து இப்படித் திருத்த முடியுமா? முடியாது. அப்படியானால் இதில் மட்டும் எப்படி முடிகிறது?

அந்த 'ஏ>' குறியைக் காட்டும் இயங்குதளத்தின் பெயர் சி.பி.எம். கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிறு கணினிகளைக் கட்டுப்படுத்தும் நிரல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். இது ஆஸ்பார்ன் நிறுவனம் எழுதியதல்ல. அதற்கு முன்பே பல நூறு வகைக் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் கேரி கில்டால். கலிஃபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில், கடற்படையின் மேற்படிப்புக் கல்லூரியில் பாடம் நடத்திய ஆசிரியர்.

அந்தக் காலத்தில் சிறு கணினிக்குள் நிரலை ஏற்றப் பலரிடமும் இருந்தது காகித நாடாதான். நாடாவில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். டெலிடைப் என்ற இயந்திரம் நொடிக்கு 10 வரிசை படிக்கும். ஒரு வரிசை என்பது ஒரு பைட். பென்சிலை எடுங்கள். 4,096 பைட் நிரலுக்கு எவ்வளவு நேரம்? ஏறத்தாழ 7 நிமிடம். 65,536 பைட்டுக்கு, அதாவது 64 கிலோபைட்டுக்கு? 1 மணி 49 நிமிடம்! கணினியை அணைத்தால் எல்லாம் போச்சு, மறுபடி நாடாவை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

கில்டால் இன்டெல் நிறுவனத்துக்கும் ஆலோசகராக இருந்தார். அதன் சிப்புகளுக்கு நிரல் எழுத பி.எல்.எம். என்ற நிரல்மொழியை உருவாக்கியவரும் அவர்தான். ஷூகார்ட் என்ற நிறுவனத்திலிருந்து அவருக்கு ஒரு 8 அங்குல பிளாப்பி டிரைவ் கிடைத்தது. புதிதல்ல, சோதனைக்காக ஓட விட்டு ஓட விட்டுத் தேய்ந்தது. டிரைவ் வந்துவிட்டது, அதைக் கணினியோடு இணைக்கும் மின்சுற்று இல்லை. தானே செய்து பார்த்தார், சரிவரவில்லை. பிறகு நண்பர் ஜான் டோரோட் செய்து கொடுத்தார். 1974இல் பசிஃபிக் குரோவ் என்ற பக்கத்து ஊரில் அந்த டிரைவ் ஓடத் தொடங்கியது. அதில் எழுதவும் படிக்கவும் கில்டால் உண்டாக்கிய நிரல்தான் சி.பி.எம். பிற்பாடு அவரும் மனைவி டாரதியும் தொடங்கிய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் அதை விற்றது.

அந்த வட்டில் 77 டிராக்குகள், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக 77 வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் 26 செக்டர்கள். ஒரு செக்டரில் 128 பைட். பெருக்கிப் பாருங்கள்: 2,56,256 பைட் வரும். இந்த 128 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்து வம்பு பண்ணப் போகிறது.

நல்ல நிரல் கிடைத்தது. ஆனால் ஒரு தொல்லை. ஒவ்வொரு நிறுவனமும் கணினியை ஒவ்வொரு விதமாகச் செய்தது. ஒன்றில் டெலிடைப், இன்னொன்றில் திரை. ஒன்றின் டிரைவ் ஒரு மாதிரி கட்டளை கேட்கும், அடுத்ததன் டிரைவுக்கு அது புரியவே புரியாது. புதிய கணினி வரும்போதெல்லாம் நிரல் முழுவதையும் துழாவி, எங்கெங்கே கீபோர்டு, எங்கெங்கே வட்டு என்று தேடித் தேடி மாற்ற வேண்டும். ஐம்சாய் என்ற நிறுவனத்தின் கணினிக்கு மாற்ற வேண்டி வந்தபோதுதான் கில்டால் ஒரு காரியம் செய்தார். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிற வேலைகளை எல்லாம் தனியே பிரித்து ஒரே இடத்தில் குவித்தார். அந்தக் குவியலுக்கு பயாஸ் என்று பெயர். மாறாத பகுதிக்கு பி-டாஸ்.

கிராமத்துக்கு மாற்றலாகி வரும் வி.ஏ.ஓ.வைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஊரானாலும் அவர் பார்க்கும் பதிவேடு ஒன்றுதான், விதிகள் ஒன்றுதான். ஆனால் இந்த ஊரில் எந்த வயல் எந்தப் பாதையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அது உள்ளூர்த் தலையாரிக்குத்தான் தெரியும். 'இந்த எண் நிலத்துக்குக் கூட்டிப் போ' என்று அவர் சொன்னால் தலையாரி முன்னால் நடப்பார். ஊர் மாறினால் தலையாரி மாறுவார், பதிவேடு மாறாது. பி-டாஸ் அந்த வி.ஏ.ஓ., பயாஸ் அந்தத் தலையாரி.

இந்தத் தலையாரிக்கு என்னென்ன வேலை தெரிய வேண்டும்? 1979இல் வந்த 2.2 பதிப்பில் மொத்தம் 17. இதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஒரு கணினியின் இயந்திரப் பகுதி முழுவதையும் பதினேழே வேலைகளில் அடக்கிவிட்டார்! முதல் இரண்டும் கணினியைத் தொடங்குவதும் மறுபடி தொடங்குவதும். அடுத்த மூன்று நம்மோடு பேசுவதற்கு: யாராவது விசையை அழுத்தினார்களா என்று பார், அழுத்திய எழுத்தை வாங்கு, ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்பு. அச்சுப் பொறிக்கு இரண்டு. காகித நாடாவுக்கும் இரண்டு. பழசை அவர் முழுவதுமாக மறக்கவில்லை பாருங்கள். மீதி எட்டும் வட்டுக்கு: இந்த டிரைவைத் தேர்ந்தெடு, முதல் டிராக்குக்குத் திரும்பு, இந்த டிராக்குக்குப் போ, இந்த செக்டரை எடுத்துக்கொள், நினைவகத்தில் இந்த இடத்தில் வை, படி, எழுது. எட்டாவது வேலை, செக்டர் எண்களை மாற்றிப் போடுவது. வட்டு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் செக்டரைப் படித்து முடித்து மூச்சு விடுவதற்குள் இரண்டாவது தாண்டிப் போய்விடும். அதனால் ஒன்றுக்கு அடுத்து ஏழு, பிறகு பதின்மூன்று என்று ஆறு ஆறாகத் தாண்டி எழுதினார்கள்.

இந்தப் பதினேழும் எங்கே இருக்கின்றன என்று காட்ட பயாஸின் தொடக்கத்தில் ஒரு பட்டியல். பதினேழு வரி, ஒவ்வொன்றும் 3 பைட். 'இந்த வேலையா? அந்த இடத்துக்குத் தாவு' என்பது மட்டுமே ஒவ்வொரு வரியிலும் இருக்கும். வேலையை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பட்டியலின் வரிசையைத் தொடக்கூடாது.

ஓர் எழுத்து திரைக்குப் போகும் வழியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு நிரல் 'கே' என்ற ஆங்கில எழுத்தைக் காட்ட விரும்புகிறது. அந்த எழுத்துக்குக் கணினியில் எண் 75. நிரல் சிப்பின் ஒரு சிறு அறையில் 75ஐ வைக்கிறது. இன்னோர் அறையில் 2 என்று வைக்கிறது. இரண்டு என்றால் 'ஓர் எழுத்தைக் காட்டு' என்று பொருள். பிறகு நினைவகத்தில் 5ஆம் எண் இடத்தைக் கூப்பிடுகிறது. அங்கே பி-டாஸ் இல்லை; பி-டாஸ் இருக்கும் இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை மட்டும்தான். தாவுகிறது. பி-டாஸ் 2 என்பதைப் பார்த்து, பயாஸின் பட்டியலில் ஐந்தாவது வரியைக் கூப்பிடுகிறது.

இதுவரை நடந்தது எல்லாக் கணினியிலும் ஒன்றே. இனிமேல்தான் வித்தியாசம். டெலிடைப் மாட்டிய கணினியாக இருந்தால் பயாஸ் அந்த 75ஐக் கம்பி வழியே அனுப்பும். அங்கே காகிதத்தில் எழுத்து அடிபடும். ஆஸ்பார்ன் 1இல் கம்பி இல்லை, திரையே நினைவகத்தின் ஒரு பகுதி. 61,440ஆம் பைட்டிலிருந்து கடைசி வரை உள்ள 4,096 பைட்டும் திரைக்கு உரியவை. ஒரு வரிக்கு 128 எழுத்து, மொத்தம் 32 வரி. கணினியைத் தொடங்கிய நிலையில் மூன்றாவது வரியில் ஐந்தாவது எழுத்து எங்கே விழும்? முதல் இரண்டு வரிகளுக்கு 256, அந்த வரியில் முன்னால் 4 எழுத்து. 61,440 கூட்டல் 260. ஆக 61,700ஆம் பைட்டில் 75 என்று எழுதினால் அங்கே 'கே' தெரியும். ஆனால் 5 அங்குலத் திரையில் 128 எழுத்துக்கு இடம் ஏது? ஒரு நேரத்தில் 52 எழுத்தும் 24 வரியும்தான் தெரியும். மீதியைப் பார்க்க, கண்ட்ரோல் விசையோடு அம்பு விசையைச் சேர்த்து அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அகலமான கணக்குத் தாளை அந்தத் திரையில் பார்த்தவர்களின் பொறுமைக்குக் கும்பிடு போட வேண்டும்.

நிரலுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. 5ஆம் இடத்தைக் கூப்பிட்டது, எழுத்து வந்தது, அவ்வளவுதான். அதனால் ஒரு கணினிக்காக எழுதிய வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து நிரலை இன்னொரு கணினிக்கும் கொண்டு போக முடிந்தது.

இனி நினைவகத்தில் யாருக்கு எந்த இடம் என்று பார்ப்போம். மொத்தம் 65,536 பைட். உங்கள் வீட்டில் 4 ஜிபி நினைவகமுள்ள கைபேசி இருந்தால் அதற்குள் இந்த 64 கிலோபைட் எத்தனை முறை அடங்கும் தெரியுமா? அதுவும் சரியாக 65,536 முறை. இவ்வளவு சின்ன வீட்டில் அடியில் 256 பைட் குறிப்புகளுக்கு. 256ஆம் இடத்திலிருந்து நீங்கள் ஓட்டும் நிரல். உச்சியில் (ஆஸ்பார்ன் 1இல் திரைக்கு உரிய இடத்துக்குக் கீழே) பயாஸ், அதற்குக் கீழே மூன்றரை கிலோபைட்டில் பி-டாஸ், அதற்குக் கீழே 2 கிலோபைட்டில் கட்டளை வாங்கி. 'ஏ>' குறியைக் காட்டி நீங்கள் அடிப்பதைப் படிப்பது இந்தக் கடைசி ஆள்.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. நிரல் ஓடும்போது 'ஏ>' குறிக்கு வேலை இல்லை. அப்படியானால் அந்த 2 கிலோபைட்டை ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும்? நிரல் அதையும் அழித்து எடுத்துக்கொள்ளலாம்! வேலை முடிந்ததும் பயாஸ் வட்டிலிருந்து கட்டளை வாங்கியை மறுபடி படித்து அதே இடத்தில் வைத்துவிடும். அதனால்தான் பல நிரல்கள் முடியும்போது டிரைவ் ஒரு முறை கரகரக்கும். 8 அங்குல வட்டில் முதல் இரண்டு டிராக்குகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இரண்டு டிராக்கில் 52 செக்டர். தொடக்க நிரலுக்கு 1, கட்டளை வாங்கிக்கும் பி-டாஸுக்கும் சேர்த்து 44. மிச்சம் 7 செக்டர், அதாவது 896 பைட். பயாஸ் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். உங்கள் அரைப் பக்கக் கட்டுரையே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இப்போது மெமரி கார்டுக்கு வருவோம். நாற்பது வயதான பிளாப்பி வட்டுகளில் காந்தப் பூச்சு உதிர்கிறது. புது வட்டு கிடைப்பதும் அரிது. அதனால் சிலர் பழைய கணினிக்கு ஒரு சிறு பலகை செய்து காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் பொருத்துகிறார்கள். பி-டாஸ் 'பத்தாவது டிராக், ஐந்தாவது செக்டர்' என்று பழைய பாஷையிலேயே கேட்கும். கார்டில் டிராக்கும் இல்லை, சுற்றுவதும் இல்லை. பயாஸ்தான் அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கிக் கார்டில் எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினேழில் வட்டுக்கான வேலைகளை மட்டும் புதிதாக எழுதினால் போதும். பி-டாஸுக்குச் சேதி போவதே இல்லை. தான் இன்னும் பிளாப்பியோடுதான் குடும்பம் நடத்துவதாக அது நினைத்துக்கொண்டிருக்கும்.

அந்த 128 வம்பு பண்ணும் இடம் இது. சி.பி.எம். எதையும் 128 பைட்டாகத்தான் கேட்கும், 128 பைட்டாகத்தான் கொடுக்கும். கார்டோ 512 பைட்டுக்குக் குறைவாக எதையும் தொடாது. ஒரு 512க்குள் நான்கு 128. நடுவில் உள்ள ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால்? 512 பைட்டையும் படித்து, அதில் 128ஐ மாற்றி, 512ஐயும் திரும்ப எழுத வேண்டும். நான்கு துண்டையும் அடுத்தடுத்து மாற்றினால் இந்தக் கூத்து நான்கு முறை நடக்கும். அதனால் கெட்டிக்கார பயாஸ் அவசரப்படாது. 512ஐயும் கையில் வைத்துக்கொண்டு, நான்கு மாற்றமும் முடிந்த பிறகு ஒரே தடவை எழுதும். இதில் ஆபத்தும் உண்டு: எழுதுவதற்கு முன் மின்சாரம் போனால்? அதையும் யோசித்திருக்கிறார்கள். எழுதச் சொல்லும்போது பி-டாஸ் கூடவே ஒரு சிறு எண்ணைத் தரும். 0 என்றால் சாதாரணம். 1 என்றால் இது கோப்புகளின் பெயர்ப் பட்டியல், தாமதிக்காமல் உடனே எழுது. 2 என்றால் இது இதுவரை யாரும் பயன்படுத்தாத புது இடம், அங்கே பழைய சங்கதி எதுவும் இல்லை, படிக்காமலே எழுதலாம்.

பயாஸை மட்டுமல்ல, மற்ற இரண்டு பகுதிகளையும் கழற்றி மாற்றியவர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். சி.பி.எம். முதலில் இன்டெல் 8080 சிப்புக்காக எழுதப்பட்டது. பின்னால் வந்த இசட்80 சிப்புக்கு 8080இன் கட்டளைகள் அத்தனையும் புரியும். அதோடு சில புதிய கட்டளைகளும் தெரியும். அவற்றில் ஒன்று குட்டித் தாவல். வேறோர் இடத்துக்குத் தாவப் பழைய கட்டளைக்கு 3 பைட் தேவை. பக்கத்திலேயே தாவுவதாக இருந்தால் இசட்80இல் 2 பைட் போதும். ஒரு தாவலுக்கு ஒரு பைட் மிச்சம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில ஆர்வலர்கள் கட்டளை வாங்கியை இப்படியே திருத்தி எழுதினார்கள். மிச்சமான பைட்டுகளை எல்லாம் சேர்த்து, அதே 2 கிலோபைட்டுக்குள் புதிய வசதிகளைப் புகுத்தினார்கள். அதற்கு இசட்.சி.பி.ஆர். என்று பெயர். ஆஸ்பார்ன் 1இல் இருப்பதும் இசட்80தான். ஒரு பைட்டைக்கூட வீணாக்காத இந்தச் சிக்கனம் இன்றைய நிரலாளர்கள் பலருக்குக் கைவராது.

சில எல்லைகளை மட்டும் எந்தத் திருத்தத்தாலும் லேசில் தாண்ட முடியாது. 2.2 பதிப்பு ஒரு டிரைவில் 65,536 துண்டுகளுக்கு மேல் எண்ணாது. துண்டுக்கு 128 பைட் என்றால் மொத்தம் 8 எம்பி. டிரைவ்கள் ஏ முதல் பி வரை... அந்த பி இல்லை, ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவதாக வரும் பி. ஆக 16 டிரைவ், 128 எம்பி. நீங்கள் 64 ஜிபி கார்டைக் கொண்டு போய்ப் பொருத்தினால், அதில் ஐந்நூறில் ஒரு பங்குதான் அதன் கண்ணுக்குத் தெரியும். தேதி, நேரம் எதுவும் அதற்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது தேதிக் குழப்பம் வரும் என்று உலகமே பயந்ததே, இதற்கு அந்தப் பயமே இல்லை.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. கோப்பை நகலெடுக்கும் நிரலுக்கு பிப் என்று பெயர். அதில் போய்ச் சேரும் இடத்தை முதலிலும், கிளம்பும் இடத்தைப் பின்னாலும் சொல்ல வேண்டும். தலைகீழாக அடித்துத் தவிக்காதவர் குறைவு. வட்டை மாற்றிவிட்டு அதற்குத் தெரிவிக்காமல் எழுதப் போனால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். என்ன தவறு என்று விளக்கவும் செய்யாது.

இதை நீங்களும் ஓட்டிப் பார்க்கலாமா? தாராளமாக. 2014இல் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் சி.பி.எம்.மின் ஆரம்ப காலப் பதிப்புகளின் மூல நிரலை வெளியிட்டது. 2022இல் அதன் உரிமையாளர், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதியைத் தெளிவாகவே கொடுத்துவிட்டார். இசட்80ஐத் தயாரித்த ஜைலாக் நிறுவனம் 2024இல் அந்தச் சிப்புக்குக் கடைசி ஆர்டர்களை வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டது. ஆனாலும் ஆர்.சி.2014 என்ற பெயரில் இசட்80 கணினியை நாமே பற்றவைத்துச் செய்யும் கிட் உண்டு, அதில் சி.பி.எம். ஓடும்.

பற்றவைப்பது எல்லாம் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். பழைய கணினி எங்காவது கிடைத்தால் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் திரைக் குழாய்க்குள் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். செருகியைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். அமெரிக்காவில் வாங்கியது என்றால் 120 வோல்ட்டுக்குச் செய்ததாகவும் இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் புகைதான் வரும்.

காசும் ஆபத்தும் இல்லாத வழி எமுலேட்டர். உங்கள் கணினிக்குள் ஒரு பழைய கணினியாக நடிக்கும் நிரல் அது. சிம்எச் என்ற இலவச எமுலேட்டர் 1975இல் வந்த ஆல்டேர் கணினியாக நடிக்கும். அதற்கான வட்டும் ஒரு கோப்பாகவே கிடைக்கும். முதலில் அந்த வட்டுக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, நகலில் விளையாடுங்கள். 'ஏ>' வந்ததும் டி, ஐ, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்தை அடித்தால் வட்டில் உள்ள கோப்புகளின் பெயர்கள் வரும். பிறகு ஈ, ஆர், ஏ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். எல்லாவற்றையும் அழி என்று அர்த்தம். இதற்கு மட்டும் அது பயந்துபோய், எல்லாவற்றையுமா என்று ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்பதற்கு ஒய் அழுத்துங்கள். மறுபடி டி, ஐ, ஆர். கோப்பு இல்லை என்று சொல்லிவிடும்.

இப்போது எமுலேட்டரை மூடிவிட்டு, அந்த வட்டுக் கோப்பை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் திறந்து ஏதாவது ஒரு கோப்பின் பெயரைத் தேடுங்கள். அப்படியே இருக்கும்! ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் 32 பைட் கொண்ட ஓர் இடமாவது உண்டு. முதல் பைட், அந்தக் கோப்பு யாருடையது என்று சொல்லும் 0 முதல் 15 வரையான எண். அடுத்த 11 பைட்டும் பெயர். கோப்பை அழி என்றால் சி.பி.எம். அந்த முதல் பைட்டை 229 ஆக மாற்றும். வேறு எதையும் தொடாது. ஏன் 229? பழைய 8 அங்குல வட்டுகளைப் புதிதாகத் தயார் செய்யும்போது எல்லா இடத்திலும் அந்த எண்ணைத்தான் நிரப்பிவைப்பார்கள். ஆகவே 229 என்றாலே காலி இடம்.

ஹெக்ஸ் எடிட்டரில் 229 என்பது 'ஈ5' என்று தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் உள்ள ஈ5ஐ 00 என்று மாற்றிச் சேமித்துவிட்டு எமுலேட்டரைத் தொடங்குங்கள். அழித்த பிறகு புதிதாக எதையும் எழுதியிருக்காவிட்டால் எல்லாக் கோப்பும் திரும்பி வந்திருக்கும். நீங்கள் முதலில் பார்த்த பட்டியலில் இல்லாத பெயர்களும் ஒன்றிரண்டு வரலாம். அந்த வட்டை உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ அழித்தவை அவை.